நம்பாதவரின் நேர்மை: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லை ஊர்களின் சாட்சி

நாத்திகர் ஒருவர் சமய நம்பிக்கையாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மூன்று பொருள்கள் ஒன்றாகக் குழம்பிவிடுவது வழக்கம். நம்பப்படும் கருத்து ஒன்று. நம்புகிற ஆள் வேறு. அந்த நம்பிக்கையின் பெயரால் நடக்கும் கோயில், சபை, மடம் ஆகியவை இன்னும் வேறு. கடவுள் இல்லை என்ற முடிவுக்கு ஒருவர் வந்திருக்கலாம். அந்த முடிவை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பெண் அறிவு குறைந்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சபையின் பணக்கணக்கில் மோசடி நடந்தால் அது அங்கே ஜெபிக்கும் கூலித் தொழிலாளியின் குற்றமும் ஆகாது. கருத்தை மறுக்கும் உரிமை நாத்திகருக்கு முழுமையாக உண்டு. ஆளை எடைபோட வரும்போது அவர் வேறு சான்றுகளைத் தேடியாக வேண்டும்.

இந்தச் சான்றுகளை நெருங்கிப் பார்க்கத் தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களைப் போல் வாய்ப்பான இடம் அதிகமில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது. ஆனால் உறவும் சந்தையும் பேச்சும் அங்கே அறுந்துவிடவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று வந்தால் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில், பாறசாலை மகாதேவர் கோயில், லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள், 1996-இல் அமைந்த நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம், 2017-இல் அமைந்த பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம், ரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள், பள்ளிவாசல்கள் எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒரே நாடார் சமூகத்தில் ஒரு வீடு கோயிலுக்கும் அடுத்த வீடு சர்ச்சுக்கும் போகும். இங்கே ‘மதம் மனிதனைக் கெடுத்தது’ என்றோ ‘மதம்தான் மனிதனைக் காத்தது’ என்றோ ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட நினைப்பவருக்கு ஊரின் சரித்திரமே தடையாக நிற்கிறது.

அந்தச் சரித்திரத்தில் முதலில் வருவது அருவிப்புறம். 1888 சிவராத்திரியில் நெய்யாற்றங்கரையின் இந்தச் சிற்றூரில் நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் பிறந்த ஈழவர் சமூகத்துக்கு அன்று பெரிய கோயில்களுக்குள் நுழைய இடமில்லை. பிரதிஷ்டை செய்யும் உரிமை பிராமணருக்கு மட்டுமே என்பது நடைமுறை. கேள்வி கேட்டவர்களிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் சொன்னதாக வழங்குகிறது. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே ஒரு வாசகமும் பொறிக்கப்பட்டது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அருவிப்புறம் அதற்கு 48 ஆண்டு முந்தியது.

இந்த நிகழ்ச்சியைக் கடவுள் நம்பிக்கையில்லாத ஒருவர் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஆற்றுக் கல்லில் தெய்வம் வந்து குடியேறாது, ஆகவே இது இன்னொரு மூடநம்பிக்கை என்று சொல்லி நகர்வது ஒரு வழி. கல்லைப் பற்றிய கூற்று தவறு என்பதில் அவர் உறுதியாக இருந்துகொண்டே, அந்தக் கல்லை வைத்தபோது எந்த அதிகாரம் உடைந்தது, யாருடைய முதுகு நிமிர்ந்தது என்று பார்ப்பது மற்றொரு வழி. முதல் வழியில் பிழையான தகவல் எதுவும் இல்லை. ஆனால் நடந்ததில் பெரும்பகுதி அதில் விடுபட்டுப்போகிறது. கள்ளும் இரத்தப் பலியும் வைத்துச் சிறுதெய்வங்களை வணங்கிய பல இடங்களில் அந்த வழிபாட்டை நிறுத்தியவரும் இதே குருதான். 1917-இல் இனிக் கோயில் கட்டுவதை ஊக்குவிக்க வேண்டாம், பள்ளிக்கூடமே முதன்மையான கோயிலாக இருக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான். 1927-இல் களவங்கோட்டில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவினார். நம்பிக்கை என்றாலே அசைவற்ற ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் நாத்திகருக்கு இந்த வாழ்க்கை பிடிபடாது. நம்பிக்கையாளரும் யோசிக்கிறார், மாறுகிறார், தம் மரபோடு சண்டையிடுகிறார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் குருவின் சீடரும் பகிரங்க நாத்திகருமான சகோதரன் அய்யப்பன். செறாயியில் 1889-இல் பிறந்த அவர், 1917-இல் அங்கேயே ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து உணவருந்தச் செய்தார். எதிர்ப்பு வந்தது சொந்தச் சாதியிலிருந்து. சமூக விலக்கு விதித்தார்கள். ‘புலையன் அய்யப்பன்’ என்று இழித்துக் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். மனிதனுக்கு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்பது குருவின் போதனை. அய்யப்பன் அதைத் திருப்பி, மனிதனுக்குச் சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம் என்று முழக்கமாக்கினார். 1929-இல் ‘யுக்திவாதி’ என்ற பகுத்தறிவு இதழைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

குருவும் சீடரும் இதனால் பிரிந்துவிடவில்லை. மதம், உடை, மொழி எதுவாயினும் மனித சாதி ஒன்றே, ஆகவே கலந்து உண்பதிலும் கலந்து மணப்பதிலும் தவறில்லை என்ற பொருளில் குரு தம் கையாலேயே எழுதி 1921-இல் அய்யப்பனின் சகோதர சங்கத்துக்குக் கொடுத்தார். ஒருவர் கடவுளை வைத்து அந்த முடிவுக்கு வந்தார், மற்றவர் கடவுளை விலக்கி வந்தார். அய்யப்பனின் நேர்மை எதில் தெரிகிறது என்றால், குருவின் கடவுளை ஏற்றதுபோல் அவர் நடிக்கவில்லை. கடவுளை ஏற்காததால் குருவைக் குறைத்துப் பேசவும் இல்லை. பாராட்டுவதற்காகக் கருத்தை விட்டுக்கொடுப்பதும், கருத்துக்காகப் பாராட்டை மறுப்பதும் எளிது. இரண்டையும் தவிர்ப்பதற்குத் தெளிவும் மனத்துணிவும் வேண்டும்.

எதிர்த்தரப்பை அறிந்துகொள்ளும் முறையைப் பற்றி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு விதி சொல்கிறார். ஒரு கருத்தின் வாதங்களை, அதை மறுப்பவர் வாயால் கேட்டால் போதாது. அதை உண்மையிலேயே நம்புபவரிடம், அதன் மிக வலுவான வடிவில் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். மதப் பயிற்சியே இல்லாமல் வளர்க்கப்பட்டவர் மில். 1924-இல் ஆலுவாய் அத்வைத ஆசிரமத்தில் நாராயண குரு கூட்டிய சர்வமத மாநாட்டின் நோக்கமும் வாதாடி வெல்வது அன்று, அறிவதும் அறிவிப்பதுமே என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நம்பாத ஆங்கிலேயரும் நம்பிய மலையாளத் துறவியும் ஒரே விதிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாத்திக மேடைகளில் பெரும்பாலும் மீறப்படுவதும் இந்த விதிதான்: மதத்தின் மிக மட்டமான பேச்சாளரை எடுத்துக்கொண்டு, அவரை மறுத்துவிட்டு, மதத்தையே மறுத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

மில்லின் நூல் வெளிவந்த அதே 1859-இல் தென் திருவிதாங்கூரில் வேறொரு வழக்கு முடிவுக்கு வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1820களிலிருந்து கலவரம், அடி, ஆலய எரிப்பு என்று நீண்டு, அந்த ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அரச பிரகடனத்தில் முடிந்தது. அதுவும் பாதி உரிமைதான்; உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. இந்தப் போராட்டத்தில் லண்டன் மிஷன் பாதிரியார்கள் மதம் மாறியவர்கள் பக்கம் நின்றார்கள். 1806-இல் மயிலாடியில் ரிங்கல்தொபே தொடங்கிய வேலை நெய்யூர், பாறசாலை என்று வடக்கே பரவியிருந்தது. பாறசாலை வட்டாரத்தில் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் இருபத்திரண்டு ஆண்டு அனுபவங்களை 1870-இல் ஒரு நூலாகவே எழுதினார். 1855-இல் திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்ததற்குப் பின்னாலும் மிஷனரிகளின் மனுக்கள் இருந்தன.

இங்கே நாத்திகரின் நியாயம் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் மதம் மாறியவர்கள் அரிசிக்கும் துணிக்கும் மாறினார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் கேட்கிறது. மதவாதிகள் சொல்வது போலவே பகுத்தறிவாளர் சிலரும் இதைச் சொல்கிறார்கள். அடுத்தவர் மனத்துக்குள் புகுந்து நோக்கத்தைப் படிக்கும் இந்த வேலைக்கு ஆதாரம் எங்கே? வரி, ஊழியம், சாட்டையடி, தீண்டாமை இவற்றுக்கு நடுவே வாழ்ந்த ஒரு தாய், தன் மகளுக்கு எழுத்தறிவும் மேல்துணியும் தரும் சபையை நாடினால், அதை விலைபோனதாக எழுதுவது அநியாயம். கண்ணியத்தைத் தேடியதும் தேவனைத் தேடியதும் அவர் மனத்தில் இரண்டு வேறு தேடல்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. மாறாமல் நின்றவர்களும் இருந்தார்கள். சுவாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) மிஷனையும் சேராமல், உயர்சாதிக் கோயிலையும் சாராமல், தலைப்பாகை கட்டி வழிபடச் சொல்லி அய்யாவழி என்ற தனி வழியை உண்டாக்கினார். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையிலும் இருந்தார். கிறித்தவரான நாடாரும் அய்யாவழி நாடாரும் ஒரே கொடுமைக்கு இரண்டு விடைகளைக் கண்டார்கள். இரண்டிலும் தெய்வம் உண்டு, இரண்டிலும் தன்மானம் உண்டு.

நியாயம் என்பது நல்லதை மட்டும் எண்ணுவதும் இல்லை. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடவில்லை. நாடார் கிறித்தவர், புலையர், சாம்பவர் கிறித்தவர் என்ற பிரிவுகள் சபைக்குள்ளும் நீடித்தன. திருமணங்கள் பெரும்பாலும் சாதி எல்லையைத் தாண்டவில்லை. அருவிப்புறத்தைக் கொண்டாடிய ஈழவரிலேயே ஒரு பகுதியினர் புலையரோடு உண்ண மறுத்ததை அய்யப்பனின் கதை காட்டுகிறது. அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் தடுக்கப்பட்ட பொதுவழியில் வில்லுவண்டி ஓட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது ஆதிக்கசாதியினர் அந்தப் பள்ளியைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களும் கடவுளை நம்பியவர்கள். அழைத்துச் சென்றவரும் நாத்திகர் இல்லை. ஆகவே நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்வியால் அந்த நாளின் நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துவிட முடியாது. யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் வழி இருந்தது, யார் பிள்ளைக்குப் பள்ளி இருந்தது என்ற கேள்விகள்தான் பிரித்துக் காட்டுகின்றன.

சட்டமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் விலக்குக் கிடைத்தது, கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. கேரளத்தில் இந்து நாடாருக்கும் தென்னிந்திய ஐக்கிய சபையின் நாடாருக்கும் தனித்தனி இடஒதுக்கீடு உண்டு. மற்றச் சபைகளின் நாடார் கிறித்தவருக்கும் அதை விரித்து 2021 பிப்ரவரியில் மாநில அரசு ஆணையிட, அதே ஆண்டு உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பாறசாலைப் பக்கத்து இளைஞன் ஒருவனின் சான்றிதழில் எழுதப்படும் சபைப் பெயர் அவன் வேலை வாய்ப்பைத் தொடுகிறது. இதை அறியாமல், மதத்தை விட்டு வெளியே வா என்று அவனை அழைக்கும் நாத்திகர், அந்த அழைப்புக்கு அவன் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அறியாதவர்.

நம்பிக்கையாளரின் உரிமைக்காக நாத்திகரே நின்ற பெரிய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உண்டு. தந்தை பெரியார் 1924-இல் வைக்கம் கோயில் தெருவில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகத் திருவிதாங்கூர்ச் சிறைக்குப் போனார். அப்போது அவர் காங்கிரஸ் தலைவர், கடவுள் மறுப்புப் பரப்புரையைத் தொடங்கியிராதவர். ஆனால் வாழ்வின் கடைசிப் பகுதியில், கடவுள் மறுப்பின் உச்சத்தில் இருந்தபோதும், எல்லாச் சாதியினரும் கருவறையில் பூசை செய்யும் உரிமை வேண்டும் என்று அவர் கிளர்ச்சி அறிவித்தார். 1970-இல் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமக்கு வேண்டாத கோயிலில், தாம் நம்பாத தெய்வத்தின் முன், மற்றவர் சமமாக நிற்க வேண்டும் என்று கேட்பதற்குப் பெரியார் தயங்கவில்லை. பெரியார் மேடையில் நம்பிக்கையாளரைச் சுட்ட சொற்கள் கடுமையானவை; அவை எல்லாரையும் ஒரே அடியாக அடித்தன என்று சொல்லத்தான் வேண்டும். அந்தச் சொற்களைவிட இந்தச் செயல் நியாயமானது. குன்றக்குடி அடிகளாரோடு அவருக்கு இருந்த நட்பும், மடத்தில் தமக்கு இட்ட திருநீற்றை அவர் மறுக்காததும் தமிழ்நாட்டில் பலரும் எடுத்துச் சொல்லும் செய்திகள். பின்னாளில் அந்தப் பூசை உரிமை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. கேரளத்தில் 2017-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தலித்துகள் உட்படப் பிராமணரல்லாதோரைப் பூசாரிகளாக நியமித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்களுக்கு அரசு நியமன ஆணை வழங்கியது.

நியாயம் இருபக்கத்துக்கும் பொது என்பதை ஆந்திரத்தின் கோராவும் காந்தியும் காட்டுகிறார்கள். நாத்திகக் கருத்துக்காகக் காக்கிநாடாக் கல்லூரியில் வேலையை இழந்த கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற கோரா, 1940களில் சேவாகிராமத்தில் காந்தியோடு பழகினார். அந்த உரையாடல்களை 1951-இல் நூலாக்கினார். கடவுளே உண்மை என்று பேசிவந்த காந்தி, 1931 வாக்கில் உண்மையே கடவுள் என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். உண்மையை நாத்திகரும் மறுக்க முடியாது என்பது அவர் காரணம். தீண்டாமையை எதிர்த்துக் கோரா தம் மகளுக்கு ஏற்பாடு செய்த சாதி மறுப்புத் திருமணத்தைத் தாமே நடத்தித்தரவும், கடவுளின் பெயருக்குப் பதில் உண்மையின் பெயரைச் சொல்லவும் காந்தி இசைந்தார். அதற்குள் அவர் கொல்லப்பட்டதால், 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் அவர் இல்லாமல் திருமணம் நடந்தது.

இத்தனையும் சொன்னால், நாத்திகர் எதையும் கண்டிக்கக் கூடாதா என்ற ஐயம் எழலாம். கண்டிக்க வேண்டியதை உரக்கக் கண்டிக்கத்தான் வேண்டும். திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவின் மகனாக 1898-இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களை நோயாளிகளாக நடத்தினார். அற்புதம் செய்வதாகச் சொன்ன சாமியார்களுக்குப் பண சவால் விட்டார். ஏமாந்தவருக்கு மருந்தும் ஏமாற்றியவருக்கு அம்பலமும் என்று அவர் பிரித்துக்கொண்டது இந்தத் துறையில் மிகத் தேவையான பாகுபாடு. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 1989-இல் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பும் கடவுள் நம்பிக்கையை எதிர்க்காமல், சுரண்டலையும் கொடுமையையும் மட்டும் எதிர்த்தது; நம்பிக்கையாளர்களும் அதில் உழைத்தார்கள். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே அம்மாநிலத்தில் பில்லிசூனிய மோசடிக்கு எதிரான சட்டம் வந்தது. கேரளத்தில் 2022-இல் இலந்தூர் நரபலி வழக்கு வெளிப்பட்டபோது, இப்படியொரு சட்டம் இங்கும் வேண்டும் என்ற குரல் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்களிடமிருந்தும் எழுந்தது.

ஒரு கடைசிக் கடமையும் நாத்திகருக்கு உண்டு: நம்பிக்கையாளருக்கு வைக்கும் அளவுகோலைத் தம் அணிக்கும் வைப்பது. 1967-இல் அல்பேனியா மத வழிபாட்டையே தடைசெய்து தேவாலயங்களையும் மசூதிகளையும் மூடியது. சோவியத் ஒன்றியத்தில் குருமார்கள் சிறைக்குப் போனார்கள். அவை அரசியல் கொடுமைகள், நாத்திகத்தின் தவறு அல்ல என்று சொன்னால், மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளுக்கும் அதே விளக்கம் சொல்லும் உரிமை நம்பிக்கையாளருக்குக் கிடைத்துவிடுகிறது. இந்திய அரசியல் சட்டம் 25-ஆம் பிரிவில் மனச்சான்றின் சுதந்திரத்தையும், 1976-இல் சேர்த்த 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மை வளர்க்கும் கடமையையும் ஒரே குடிமகனிடம் வைத்திருக்கிறது. இரண்டும் மோதுவதாகச் சொல்பவர்கள் உண்டு. கருத்தோடு மோதவும் ஆளை மதிக்கவும் பழகியவருக்கு அவை மோதுவதில்லை.

சகோதரன் அய்யப்பன் கொச்சியிலும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியிலும் அமைச்சராக இருந்து, 1968 மார்ச் 6 அன்று காலமானார். கடைசிவரை தம் மறுப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் மனைவி பார்வதி அய்யப்பனும் ஆலுவாய் அருகே தோட்டுமுகத்தில் பெண்களுக்காக வளர்த்த நிறுவனத்தின் பெயர் ஸ்ரீநாராயண சேவிகா சமாஜம்.